பதினோரு நாளில் எண்ணூறு வருஷம்

தண்டையார்பேட்டையில்
மூடிக் கிடந்த கயிற்று ஆலைக்குள்
பிரான்சு தேசத்துக் கிராமம் ஒன்றை எழுப்பினோம்.
எண்ணூறு வருஷப் பழசாக வேண்டும் என்றார் பர்குணன் சார்.
பதினோரு நாள் தந்தார்.

தெர்மாகோலில் கல் வெட்டுவது டில்லியின் வேலை.
கல்லுக்கு வயசு ஏற்றுவது என் வேலை.
கரிப்பொடி, காவி, ஒரு கை மரத்தூள்,
பாசிக்கு மட்டும் மூன்று பச்சை.
'வடக்குச் சுவரில்தான் பாசி பிடிக்கும், கவனம்'
என்று போட்டோவைக் காட்டினார் சார்.
சிரிப்பை விழுங்கினேன்.
எங்கள் வாரியக் குடியிருப்பில்
பாசி திசை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங் இல்லை.
அமலோற்பவத்தைக் கூட்டிப்போனேன்,
ஷேர் ஆட்டோவில், ஆளுக்குப் பதினைந்து ரூபாய்.
மாதா திருநாளுக்குக் கட்டும் புடவையில் வந்தாள்.
கண்டெய்னர் லாரி வரிசைக்குள் புகுந்து
துருப்பிடித்த கேட்டைத் தள்ளினால்
கல் பாவிய தெரு, சாய்ந்த கூரைகள்,
ஜன்னலுக்கு ஜன்னல்
பெயர் தெரியாத சிவப்புப் பிளாஸ்டிக் பூ.
தெருமுனையில் கோயில்.
நான் சொல்வதற்குள் செருப்பைக் கழற்றி
சிலுவை போட்டுக்கொண்டாள்.
'உள்ளே ஒண்ணும் இல்ல அமலு.'
'இருக்கட்டுமே. போட்டது போட்டதுதான்.'

அப்புறம்
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவளாட்டம்
ஒவ்வொரு கதவாகத் தள்ளினாள்.
தண்ணி எங்க புடிப்பாங்க?
கிணற்றைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.
முழங்கால் ஆழத்தில் மண், ஒரு காலி டீ கப்.
பொம்பளைங்க எங்க குளிப்பாங்க?
தெரியவில்லை. போட்டோவில் அது இல்லை.
'துணி காயப்போட ஒரு கொடி இல்ல.
இந்த ஊர்ல யாரும் இல்லபா,
அதான் இவ்ளோ நல்லா கீது.'

கோயிலின் முதுகுப்பக்கம்
சவுக்குக் கட்டை, கயிறு, ஆணி,
திருப்பி ஒட்டிய தேர்தல் பேனர்.
கிழிசல் வழியே
ஒரு வேட்பாளரின் காது மட்டும் தெரிந்தது.
மணிக்கூண்டுக்கு இடப்பக்கம்
மணலி ஆலையின் தீ, பட்டப்பகலிலும்.
'இது படத்துல வருமா?'
'கம்ப்யூட்டர்ல அழிச்சிடுவாங்க.'
'அதுக்குக் கீழதானே நம்ம வூடு?'
நான் பேசவில்லை.
அவள் அந்தப் பக்கம் பார்த்துக் கையாட்டினாள்,
ரயில் கிளம்பும்போது ஆட்டுவது போல.

ஐப்பசி மழையில் ஊர் ஊறியது.
படம் பாதியில் நின்றது.
கூலி பாக்கிக்கு எதையாவது
எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள்.
கோயில் ஜன்னல் டில்லிக்கு.
இப்போது அவன் மச்சான் மீன் வறுக்கும் கடையில்
எண்ணெய்ப் புகைக்குப் பின்னால் ஒரு நீலம்.
கோட்டைச் சுவரை உடைத்து
காசிமேட்டு ஐஸ் பெட்டிகளுக்குள் அடைத்தார்கள்.
வஞ்சிரம் அதற்குள் சுகமாகத் தூங்குகிறது,
என் மூன்று பச்சையும்
அதன் செதிலில் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

நான் கொண்டுவந்தது ஒரு கதவு, நிலையோடு.
எங்களுடையது அடியில் இற்றுப்போயிருந்தது.
நாலு விரற்கடை இழைத்ததும் பொருந்திவிட்டது.
மேல்சட்டத்தில் நானே செதுக்கிய வருஷம்: 1243.

போன வாரம் வாரியத்திலிருந்து ஒரு பையன் வந்தான்.
பிளாக்கை இடிக்கக் கணக்கெடுப்பாம்.
கட்டி முப்பத்தாறு வருஷம் ஆகிவிட்டது,
ரொம்பப் பழசு என்றான்.
பேனாவைத் தட்டிக்கொண்டே
வாசலை அண்ணாந்து பார்த்தான்.
மொத்தமே நாற்பத்தெட்டு வீடு.
கதவு எண் என்ற கட்டத்தில்
1243 என்று எழுதினான்.

திருத்த வாய் திறந்தேன்.
அமலு என் காலை மிதித்தாள்.